சவாலில் கிடைக்கும் மனநிறைவு என்றால் என்ன?

படிப்பும் வேலையும் வேடிக்கையாக இல்லாவிட்டால் அவற்றில் மனநிறைவு எப்படிக் கிடைக்கும் என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தர மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். நமது திறமையைச் சற்றே மீறிய ஒரு பணியில் முழுக் கவனத்துடன் உழைத்து, முன்பு இயலாதது இப்போது இயல்வதை நாமே உணரும்போது எழும் திருப்தியே சவாலில் கிடைக்கும் மனநிறைவு.

பணி மிக எளிதானால் மனம் அலைகிறது. மிகக் கடினமானால் அச்சம் மேலிடுகிறது. இரண்டுக்கும் இடையில், செய்வது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரியும்போதுதான் மனம் பணியில் தோய்கிறது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களில் சதுரங்க வீரர்கள், மலையேறுவோர், அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் முதலியோரை ஆராய்ந்து இந்நிலையை விளக்கினார். 1989இல் அவர் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே மக்கள் இந்நிலையை அதிகம் அடைந்தார்கள் என்பது தெரியவந்தது. வேலையில் தெளிவான இலக்கு இருப்பது இதற்கு முக்கிய காரணம் என்றே நான் கருதுகிறேன்.

மருதமுனைக் கைத்தறியைப் பாருங்கள்: தறியில் நீளவாக்கில் கட்டப்படும் பாவு நூல் தளர்ந்திருந்தால் துணி நெருக்கமாக அமையாது, அளவுக்கு மீறி இறுக்கினால் நூல் அறுந்துவிடும். சவாலின் அளவும் அப்படித்தான். ஆகவே, இணைந்த கணிதத்தில் திணறும் மாணவர் கடந்தகால வினாத்தாள் முழுவதையும் ஒரேயடியாகத் தொடங்காமல், தமக்குத் தெரிந்ததைவிட ஒரு படி கடினமான கணக்கை எடுப்பதே நல்லது.

துன்பம் கூடக் கூட நிறைவும் கூடும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். உறக்கத்தைக் கெடுக்கும் பணிச்சுமையும் ஆசிரியரின் கடுஞ்சொல்லும் இங்கே சொல்லப்படும் சவால் அல்ல.