வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: பொழுது சாய்ந்தால் கிளம்பும் அத்தை

கேள்வி: அத்தைக்கு 74 வயது. அல்சைமர் நோய். பொழுது சாய்ந்தால், "ஏட்டி, என்னைய வீட்டுல கொண்டுபோய் விடுட்டி" என்று கிளம்பிவிடுகிறார்கள். வளையலை நான் எடுத்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்கிறார்கள். விடியுமுன் தனியாக ஆற்றுக்குக் குளிக்கப் போகப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் வளையல். அத்தையே எங்காவது பத்திரப்படுத்தியிருப்பார்கள். வைத்தது நினைவில் பதிந்திருக்காது. அந்த வெற்றிடத்தை 'யாரோ எடுத்துட்டா' என்று மூளை நிரப்பிக்கொள்கிறது. பக்கத்திலேயே இருப்பவர் நீங்கள் என்பதால் பழி உங்கள் மேல் விழுகிறது. "நான் எடுக்கலை" என்று வாதாடினால் கோபம்தான் ஏறும். "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். அரிசிப் பானை, தலையணை உறை, சேலை மடிப்பு என ஒளித்துவைக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறாது. கிடைத்ததும் நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள், சந்தேகம் உறுதியாகிவிடும். அவர்கள் கையாலேயே எடுக்கட்டும். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டுக் கவரிங் போட்டுவிடலாம். அக்கம்பக்கத்தில் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

சாயங்காலம் இருளும் நிழலும் களைப்பும் சேர்ந்து குழப்பத்தைக் கூட்டும். 5 மணிக்கே விளக்குகளைப் போடுங்கள். மதியத் தூக்கம் அரை மணி நேரம் போதும். "இதுதானே உங்க வீடு" என்று திருத்த வேண்டாம். அவர்கள் தேடுவது பெரும்பாலும் பிறந்த வீட்டை. "பால் குடிச்சுட்டுப் போவோமா?" என்று கேட்டுக் கொடுத்து, தெருமுனை வரை நடத்திக் கூட்டி வாருங்கள். பசி, மலச்சிக்கல், சிறுநீர் முட்டுவது ஆகியவற்றைச் சொல்லத் தெரியாமலும் இப்படிக் கிளம்புவார்கள்.

ஆற்று விஷயத்தில் மட்டும் துளியும் அசட்டை வேண்டாம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்குப் படித்துறை கால் பழகிய இடம். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது. கார், பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் ஓடும் நாளில் கால்வாயும் ஆபத்து. அதே விடியற்காலையில் எழுப்பி, வெந்நீர், செம்பு, மஞ்சளோடு வீட்டிலேயே குளிக்க வையுங்கள். பழக்கம் நிறைவேறினால் வாசலுக்குப் போகும் வேகம் குறையும். கதவின் மேல்கோடியில் ஒரு தாழ்ப்பாளும் மணியும் மாட்டுங்கள். ஆனால் உள்ளே தனியாக விட்டுப் பூட்டிச் செல்லக் கூடாது. ரவிக்கையின் உட்புறம் பெயரும் போன் நம்பரும் தைத்துவிடுங்கள். டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் போட்டோ கொடுத்துவையுங்கள். காணவில்லை என்றால் முதலில் ஆற்றங்கரை, கால்வாய். கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112.

இரண்டே நாளில் குழப்பம் திடீரென மோசமானால் அதை நோய் முற்றியதாக எண்ணிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணம் இருக்கும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். குளோர்பெனிரமின் கலந்த ஜலதோஷ மாத்திரைகூடக் குழப்பத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்தால், தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம்.

கேள்வி: அப்பாவுக்கு அல்சைமருக்கான டோனெபெசில் மாத்திரை 5 மி.கி. ஆரம்பித்ததும் குமட்டுகிறது. நிறுத்தலாமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பிட்ட பின் கொடுங்கள்; பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். 10 மி.கி.க்கு உயர்த்துவது வழக்கமாக 4 முதல் 6 வாரம் கழித்துத்தான். நோயை இது குணமாக்காது. சிலருக்குக் கொஞ்ச காலம் நினைவையும் அன்றாட வேலைகளையும் தாங்கிப் பிடிக்கும். மயங்கி விழுந்தாலோ, நாடித் துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, அடுத்த மாத்திரை கொடுக்குமுன் டாக்டரைப் பாருங்கள்.