மழை விட்ட பின்னும் கம்பி இரைவது ஏன்?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு அருகால் 132 கிலோவோல்ற்று மின்கம்பிகள் செல்கின்றன. வெயில் நாட்களில் அவற்றில் சத்தமே இல்லை. மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் மட்டும் வண்டு இரைவதைப் போல இரைகின்றன. மின்சாரம் மழைநீரோடு நிலத்துக்கு இறங்குகிறதா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: இறங்கவில்லை. கம்பியை ஒட்டியுள்ள காற்றில் நிகழும் சிறு மின்னிறக்கங்களின் ஓசையே உங்களுக்குக் கேட்கிறது. இதைக் கொரோனா மின்னிறக்கம் என்பர். நோய்க்கு அந்தப் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மின்பொறியியலில் வழங்கிய சொல் இது. காற்று நல்ல காவலிதான், அதாவது மின்னைக் கடத்தாத பொருள்தான் என்றாலும், மின்புலம் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ற்றை எட்டும் இடத்தில் அதன் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்கள் பிய்க்கப்பட்டு, அது கடத்தத் தொடங்குகிறது. உலர்ந்த, வழுவழுப்பான கம்பியின் மேற்பரப்பில் புலம் இந்த அளவை எட்டாதவாறு கம்பியின் தடிப்பைத் தெரிவு செய்கிறார்கள்.

மழை அந்தக் கணக்கைக் குழப்பி விடுகிறது. மழை விட்டதும் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் துளிகள் வரிசையாகத் தொங்கும். மின்கம்பியிலும் அப்படித்தான், ஆனால் அங்கே மின்புலம் ஒவ்வொரு துளியையும் இழுத்துக் கூம்பாக்குகிறது. கூரிய முனையில் புலம் செறிவதால் அந்த இடத்துக் காற்று மட்டும் காவல் முறிந்து கடத்துகிறது. எமது மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவதால் நேர், எதிர் என இரு உச்சங்களிலும் இழுபட்டு, அதாவது செக்கனுக்கு 100 தடவை, துளி நடுங்குகிறது. நீங்கள் சொன்ன வண்டின் இரைச்சலுக்கு அடிச்சுருதி இதுவே. கடும் மழையில் மின்னிறக்கம் இன்னும் மிகுதியாக இருந்தும், மழையின் சத்தம் அதை மூடிவிடுகிறது. புதிய கம்பியே கூடுதலாக இரையும்: அதன் எண்ணெய்ப்பசையில் நீர் முத்து முத்தாக நிற்கும், பழைய கம்பியிலோ இழைகளுக்கிடையில் நீர் ஊறிவிடும். இதனால் சிறிது மின்சாரம் வீணாகும், வானொலியில் கரகரப்பு எழும். கீழே நிற்பவருக்கு இந்த இரைச்சலால் தீங்கில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு: கம்பியைத் தாங்கும் காவலிகள். சோளகக் காற்று மாதக்கணக்காக வீசும்போது கடலுப்பும் புழுதியும் அவற்றில் படிகின்றன. உலர்ந்த உப்பு கடத்தாது. ஐப்பசியின் முதல் தூறலோ விடியற்காலைப் பனியோ அதை நனைத்துவிட்டால் மேற்பரப்பில் கசிவு மின்னோட்டம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் வெப்பத்தால் சில பட்டைகள் உலர, மின்னழுத்தம் முழுவதும் அந்த ஒடுங்கிய பட்டைகளின் மேல் விழுந்து பொறி பறக்கிறது. பொறிகள் ஒன்றோடொன்று இணைந்தால் காவலியின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு மின்வில் பாய்ந்து வழித்தடம் துண்டிக்கப்படும். கொட்டும் மழையைக் குறைசொல்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த மழை உப்பைக் கழுவி விடுகிறது, காவலியின் குடை போன்ற மடிப்புகளின் அடிப்புறமும் பெரும்பாலும் நனையாமல் இருக்கிறது. இடர் கூடுவது தூறலில்தான்.

ஆகவே கம்பி நெடுகக் கேட்கும் ஒரே சீரான இரைச்சலைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே காவலியில் மட்டும் மஞ்சள் பொறி தெறிப்பதையோ ‘சட் சட்’ என்று வெடிப்பதையோ கண்டால் கோபுரத்தை அணுகாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள்; கோபுரத்தில் எழுதியுள்ள இலக்கத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொன்னால் அவர்கள் இடத்தை எளிதில் கண்டுபிடிப்பார்கள்.