குறுவட்டத்தோடு முடிந்துபோகும் ஆட்டம்

வணக்கம் ஐயா,

நம் இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரிடம் தோற்றதுமே 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு போய்விட்டது. அப்புறம் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. 140 கோடிப் பேரில் உருப்படியாகப் பதினொரு பேர் கிடைக்க மாட்டார்களா? பயிற்சியாளரை மாற்றினால் சரியாகிவிடுமா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 140 கோடிக் கணக்கை விடுங்கள். கோவாவுக்கே வந்து நம்மை 2-1 என்று வென்ற சிங்கப்பூரில் சுமார் 60 லட்சம் பேர். நம் மதுரை மாவட்டம்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் குறுவட்டப் போட்டி, அதாவது அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மேலூர்ப் பக்கத்துப் பள்ளிப் பையன்கள் விடியும் முன்பே பஸ் ஏறி வந்திருந்தார்கள். பாதிப் பேர் காலில் இரவல் பூட்ஸ். நாக்-அவுட் முறை, தோற்றால் அதோடு சரி. முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்று, பத்தரை மணிக்கெல்லாம் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். இடது ஓரத்தில் ஆடிய ஒருவனுக்குப் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு அடுத்த போட்டி அடுத்த வருஷம்தான். அப்போது அவன் பத்தாம் வகுப்பு. வீட்டில் விடுவார்களா?

லீக் முறை என்றால் தோற்றவனுக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. ஆனால் அதற்கு மைதானம் வேண்டும், நடுவர் வேண்டும், வாராவாரம் பஸ் காசு வேண்டும். நாக்-அவுட்டை இரண்டு நாளில் முடித்துக் கோப்பையைக் கொடுத்துவிடலாம். பி.டி. வாத்தியாரைக் குறை சொல்லிப் பயனில்லை, பல இடங்களில் பஸ் காசே அவர் கையிலிருந்துதான் போகிறது.

இதையெல்லாம் தாண்டி நாட்டின் பெரிய லீக்கான ஐஎஸ்எல் வரை போகிறவனுக்கும் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் இடம் எளிதில் கிடைக்காது. ஒரு அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். அந்த இடம் பெரும்பாலும் அவர்களில் ஒருவருக்குத்தான். 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினோம். அந்த ஜூனில் விடைபெற்ற ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை அடுத்த மார்ச்சில், 40 வயதில், திரும்பவும் கூட்டிவந்தார்கள்.

பயிற்சியாளர்களும் மாறிவிட்டார்கள். ஸ்டிமாச் போனார், மார்க்கெஸ் வந்தார், அவரும் போய் இப்போது காலித் ஜமீல். இல்லாத ஸ்ட்ரைக்கரை அவர் மட்டும் எங்கிருந்து கொண்டுவருவார்?

2025 ஜூலையில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற சேது எஃப்சி நம் மதுரை அணி. உங்கள் கடிதத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?