கொரிய பி.எல். குறுந்தொடர்களில் முதலில் எதைப் பார்க்கலாம்?

இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் (பி.எல்., அதாவது ‘பாய்ஸ் லவ்’) கொரியத் தொடர் ஒன்று வேண்டும், ஆனால் பதினாறு மணி நேரமெல்லாம் உட்கார முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: ‘செமான்டிக் எரர்’. கொரியாவின் வாட்சா என்ற ஓ.டி.டி. தளத்தில் 2022-இல் வந்தது. எட்டே எபிசோட், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

சாங்-வூ கணினி அறிவியல் படிக்கிறான். எல்லாமே அவனுக்கு விதிப்படி நடக்க வேண்டும். ஒரு குரூப் பிராஜெக்டில் கூட இருந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்காததால் முழு வேலையையும் தானே செய்து, அவர்கள் பெயரை எல்லாம் எடுத்துவிடுகிறான். அப்படிப் பெயர் போனவர்களில் ஒருவன் டிசைன் படிக்கும் சீனியர் ஜே-யங். அந்த ஒரு பாடத்தால் அவனுக்குப் பட்டம் தள்ளிப்போகிறது, வெளிநாடு போகும் திட்டமும் நின்றுபோகிறது. குரூப் பிராஜெக்ட் செய்து நொந்த எவருக்கும் இந்தச் சண்டை புரியும். வேலை செய்யாதவன் பெயரை எதற்குப் போட வேண்டும்? நியாயம்தான். அதற்காக ஒருவனுடைய பட்டத்தையே தடுக்கலாமா? அதுவும் நியாயம்தான். இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்க முடியாமல் பார்க்க வைப்பதுதான் இந்தத் தொடரின் பலம் என்று நினைக்கிறேன்.

ஜே-யங் பழிவாங்கும் விதம் அருமை. சாங்-வூவுக்குச் சிவப்பு நிறம் ஆகாது என்று தெரிந்ததும் சிவப்பாகவே உடுத்திக்கொண்டு எதிரில் வந்து நிற்கிறான். வகுப்பில் அவன் எப்போதும் உட்காரும் இடத்தில் முதலிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறான். அடிதடி இல்லை, வில்லத்தனம் இல்லை. அடுத்தவனுடைய நாளில் எது எங்கே இருக்க வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்பதே பாதிக் காதல்தானே! அதை வசனமாகச் சொல்லாமல் செய்கையிலேயே காட்டிவிடுகிறார்கள். சாங்-வூவாக வரும் பார்க் ஜே-சான் முகத்தில் எதையுமே காட்டாமல் நடிக்கிறார். அதனால்தான் பிற்பாதியில் அந்த முகம் கொஞ்சம் தடுமாறினாலே நமக்குப் பதறுகிறது.

தொடர் சின்னதாக இருப்பதும் இதற்கு நல்லதே. பெரிய கொரியத் தொடர்களில் வரும் பணக்கார அம்மா, பழைய காதலி, மருத்துவமனைக் காட்சி எதற்கும் இங்கே இடமில்லை. முழுக்க முழுக்க இந்த இருவர்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இந்தக் கல்லூரியில் இரண்டு ஆண்கள் காதலிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிடித்தே இருந்தது. நிஜக் கொரியா அப்படி இல்லை. அங்கே தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. உடல்தகுதி உள்ள எல்லா ஆண்களும் போயாக வேண்டிய ராணுவத்தில், ஆணுக்கு ஆண் உறவைத் தண்டிக்கும் சட்டப் பிரிவு இன்னும் இருக்கிறது. தன்பாலின இணையரையும் அரசு மருத்துவக் காப்பீட்டில் துணையின் பேரில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 ஜூலையில்தான். இந்தத் தொடரின் கடைசி எபிசோட் 2022 மார்ச் 10 அன்று வந்தது. ஜே-யங்காக நடித்த பார்க் சோ-ஹாம் அதே நாளில் கட்டாயச் சேவைக்குப் போனார். ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது கொண்டாடப்பட்டவர் அங்கே இல்லை.

அந்தக் கனமான பக்கமும் வேண்டும் என்றால் அடுத்து 2023-இல் வந்த ‘தி எய்த் சென்ஸ்’ பாருங்கள். பத்து எபிசோட். ராணுவச் சேவை முடித்துக் கல்லூரிக்குத் திரும்பி, மனச்சோர்வுக்கு ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கும் ஒருவன். ஊர்ப்புறத்திலிருந்து தலைநகர் சியோலுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் இன்னொருவன். இருவரும் கல்லூரியின் சர்ஃபிங் குழுவில் நெருங்குகிறார்கள். மெதுவாகத்தான் நகரும், ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். காதல் வந்தால் மனச்சோர்வு தானாகச் சரியாகிவிடும் என்று பொய் சொல்லாத தொடர் அது.

இந்த வகைக்கு வழிபோட்ட ‘வேர் யுவர் ஐஸ் லிங்கர்’ 2020-இல் வந்தது. எபிசோடுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். பணக்கார வீட்டுப் பையனும் அவனுடனேயே வளர்ந்து அவனுக்குக் காவலாக இருக்கும் நண்பனும். கதை பழையதாகத் தெரியலாம், அதனால் அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.