130 மி.மீ. ஓடி அணைந்த தூள் பற்றி

திடப்பொருள் எளிதில் தீப்பற்றுமா என்று சரக்குப் போக்குவரத்துக்காகப் பார்க்கும் ஐ.நா. என்.1 சோதனையின் முதற்கட்டத்தில் உங்கள் கரிமத் தூள் 130 மி.மீ. எரிந்து அணைந்துவிட்டது, ஜாடி ஒரு வாரமாகத் திறந்தே கிடந்தது, இனி முழுச் சோதனை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விதிப்படி, உலோகத் தூள் அல்லாத பொருளில் தீ 2 நிமிடத்துக்குள் 200 மி.மீ. போகாவிட்டால் அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் இல்லை, அதோடு முடிந்தது. ஆனால் இந்த முடிவை நான் நம்பமாட்டேன். மழைக்கால ஈரத்தை இழுத்த தூள் அணையத்தான் செய்யும். நீங்கள் அனுப்பப்போகும் சரக்கு எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில் புது மூட்டையிலிருந்து மாதிரி எடுங்கள்.

அப்புறம், தூளை நீளப் பட்டையாக வார்க்கும் அச்சு. அதில் தூளைத் தளர்வாக நிரப்பி, அச்சை 2 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் மூன்று முறை போட வேண்டும், விரலால் அமுக்கக் கூடாது, அமுக்கினால் உள்ளே காற்று குறைந்து தீ மெதுவாகிவிடும். கவிழ்க்கும் பலகை வெப்பத்தைக் கடத்தாததாக இருக்கட்டும். கைக்குக் கிடைத்த எஃகுத் தட்டில் கவிழ்த்தால் அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

மறுபடி செய்து 200ஐத் தாண்டினால் முழுச் சோதனைதான்: 100 மி.மீ. தூரத்தை 45 நொடிக்குள் கடந்தால் 4.1 வகுப்பு, அதாவது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்.

தாண்டாவிட்டாலும் தூசி வெடிப்பு, அதாவது காற்றில் பறக்கும் தூள் தீப்பிடித்து வெடிப்பது, தனிக் கணக்கு. சர்க்கரையை யாரும் 4.1 லேபிள் ஒட்டி அனுப்புவதில்லை, ஆனாலும் 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். அரைப்பதும் சலிப்பதும் உங்கள் இடத்தில்தான் என்றால் தூசி வெடிப்புச் சோதனையையும் கேளுங்கள்.