பல்கலைக்கழகம் இருக்கிற ஊருக்கு, வாடகை ஏறுவதைத் தவிர வேறு என்ன லாபம்?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு பல்கலைக்கழக ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுக்காரர் சமீபத்தில்தான் வாடகையை ஏற்றியிருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோபம் நியாயமானதுதான். ஆனால் "வேறு என்ன லாபம்" என்று கேட்டுவிட்டீர்களே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த லாபத்தில்தான்.

சிதம்பரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நடராஜர் கோயில். உள்ளூர்க்காரனைக் கேட்டால் பாதிப் பேர் தண்டவாளத்துக்குக் கிழக்கே கை காட்டுவார்கள். அங்கேதான் அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிற மாதிரி அமைத்தது. தங்குகிறவன் சாப்பிட வேண்டும், துணி துவைக்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். பீகாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் பொறியியல் படிக்க வந்த பையன்களை நம்பித்தான் அம்மா வீட்டு முன்கூடத்தில் மெஸ் ஆரம்பித்தார். அதுவரை விசேஷ நாளில் மட்டும் பூரிக்காக எடுக்கிற கோதுமை மாவை மூட்டையாக வாங்க ஆரம்பித்தோம். அந்தப் பையன்களுக்கு நம் சாம்பார் இறங்கவில்லை, அம்மாவுக்கு அவர்களுடைய இந்தி புரியவில்லை, ஆனாலும் யாருக்குப் பருப்பு கெட்டியாக வேண்டும், யாருக்கு வெங்காயம் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதக் கணக்கு நோட்டுதான், பணம் வீட்டிலிருந்து வந்ததும் கொடுப்பார்கள். கொடுக்காமல் ரயிலேறியவர்களும் உண்டு, அதைப் பற்றி அம்மாவிடம் பேசாதீர்கள். மே மாதம் வந்தால் தெருவே காலி, மளிகைக் கடையில் நாங்கள் கடன் சொல்லுவோம்.

உடனே "நீ பல்கலைக்கழகத்து ஆள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருவர்கூட அங்கே சம்பளம் வாங்கியதில்லை. நிதி நெருக்கடி வந்தது, 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தேவைக்கு மேல் ஆள் எடுத்தது தப்புதான். ஆனால் உபரி என்று சொல்லி அதில் ஆயிரக்கணக்கானவர்களை வேறு மாவட்டக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பியபோது கூடவே குடும்பங்களும் கிளம்பின, பால்காரர் முதல் டியூஷன் டீச்சர் வரை எல்லோருக்கும் அது உறைத்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடி பதில் அதுதான் என்பேன். சம்பளப் பணம் எந்தெந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்கிறேன். வேளாண் துறையினர் நெல் வயலிலேயே மீன் விட்டு, மேலே கோழிக் கூண்டு கட்டி, கோழி எச்சம் மீனுக்கு இரையாகவும் பயிருக்கு உரமாகவும் ஆகிற முறையைச் சுற்றுவட்டார விவசாயிகளின் வயலிலேயே செய்து பார்த்தார்கள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மையத்து ஆய்வாளர்கள் 18 கடலோரக் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு, சதுப்புநிலக் காடு இருந்த இடத்தில் சாவு குறைவு என்று எழுதினார்கள். கடலிலிருந்து தூரமும் மேடும்தான் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள், அது அவர்கள் சண்டை. எங்கள் பக்கத்துப் பிச்சாவரத்தை உலகம் பேசியதே, அது போதாதா? அப்புறம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கடலூர் மாவட்டத்தின் தெற்குப் பாதி அவசரத்துக்கு ஓடுவது அங்கேதான், இப்போது அது அரசுக் கல்லூரி.

இன்னொன்று, கரஸ், அதாவது கரஸ்பாண்டன்ஸ், அஞ்சல் வழிப் படிப்பு. 1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வியில் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். கான்டாக்ட் கிளாஸ் நாட்களில் லாட்ஜில் இடம் கிடைக்காமல் எங்கள் மாடியிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். என் அக்காவும் காலையில் இட்லி ஊற்றிவிட்டு கரஸில்தான் பி.காம். முடித்தார். ஒரு கம்பெனி இன்டர்வியூவில் ஒருவர் சான்றிதழைப் பார்த்து "ஓ, கரஸா" என்று சிரித்தாராம். ஆளைக் காலையிலேயே வரச்சொல்லி மத்தியானம் வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்காரவைத்துவிட்டு இந்தச் சிரிப்பு வேறு. கம்பெனிக்காரர்களுக்கு ஒன்று கேட்கிறேன், வேண்டாம் என்றால் ஒரு மெயில் போட்டுச் சொன்னால் என்ன? "தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டு அப்படியே அமுக்கிவிடுவது எந்த ஊர் நாகரிகம்? பஸ் காசை யார் கொடுப்பது? சரி, இது நீங்கள் கேட்காதது.

வாடகை விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. எங்கள் ஊரிலும் மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டால் குடும்பத்துக்கு விடுவதைவிட அதிகம் கிடைக்கும் என்று வீட்டுக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். வளாகத்தை ஒட்டித் தேடாமல் இரண்டு மூன்று தெரு தள்ளிப் பாருங்கள், முடிந்தால் விடுமுறையில் தேடுங்கள், அப்போது அவர்களுக்கும் ஆள் வேண்டும்.