360 ரூபாய்

அன்புள்ள ஐயா,

பொதுத்துறை வங்கி ஒன்றின் சிறிய ஊர்க் கிளையில் மேலாளராக இருக்கிறேன். வயது 36. எங்கள் ஹெட் கேஷியருக்கு 58, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். கவுன்ட்டரில் உள்ள இருவருக்கும் 25, 26 வயதுதான். இவர்களை வைத்துக்கொண்டு ஒரு கிளையை நடத்துவது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

போன வாரம் அந்த இருவரில் 25 வயதுப் பெண்ணின் கவுன்ட்டரில் 360 ரூபாய் குறைந்தது. ஏழரை மணி வரை தேடிவிட்டு, கடைசியில் கைக்காசைப் போட்டு முடித்தாள். மறுநாள் பார்த்தால், ஒருவர் கட்டிய 1,260 ரூபாய் 1,620 என்று பதிவாகியிருந்தது. "360 என்றதுமே எனக்குத் தெரியும், இலக்கம் மாறியிருக்கும் என்று" என்றார் ஹெட் கேஷியர். ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னை யாரும் கேட்கவில்லையே மேடம்" என்றார்.

இளையவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன மாதம் ஹெட் கேஷியர் கணினித் திரையில் எதையோ தேடித் தடுமாறியபோது, ஆட்கள் வரிசையில் நிற்க, "நகருங்க சார், நானே பண்ணிடறேன்" என்று அதே பெண் மவுஸை வாங்கிக்கொண்டாள். இரு தரப்பையும் எப்படித்தான் சேர்ப்பது?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மவுஸ் சம்பவம் 360 ரூபாய்க்கு அப்புறம் வருகிறது. நடந்தது அதற்கு முன்னால். அந்த வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். வரிசையில் நின்றவர்கள் ஹெட் கேஷியருக்கு முப்பது வருடமாகத் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் அவர் கையிலிருந்து வேலை பிடுங்கப்பட்டது. அடுத்த மாதம் அவர் வாய் திறக்கவில்லை.

அவர் செய்தது தவறு. 25 வயதுப் பெண் ஏழரை மணி வரை உட்கார்ந்து தேடுகிறாள், பதில் தெரிந்தவர் பேசாமல் இருந்தார் என்றால் அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. இதை நீங்கள் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தனியாகச் சொல்லுங்கள். பெட்டக அறையின் இரண்டு சாவிகளில் ஒன்று அவரிடம் இருக்கும். மற்றது உங்கள் கிளையில் யாரிடம் இருக்கிறதோ தெரியாது, உங்களிடமே இருந்தால் நல்லது. காலையில் இருவரும் சேர்ந்துதானே திறப்பீர்கள், அப்போது வேறு யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

நானும் வங்கியில் இருந்தவன். 1983-ல் கிளார்க்காகச் சேர்ந்தேன். சில வருடங்களில் எங்கள் கிளைக்கு, கணக்குகளைப் பதிந்து கூட்டும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். எங்கள் கிளையில் ஒரு மூத்தவர் இருந்தார், வங்கிகள் தேசியமயமான 1969-க்கும் முன்னால் சேர்ந்தவர். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கும் தொகைகளை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் கூட்டிவிடுவார். பயிற்சி முடிந்து வந்த வாரம், எல்லோரும் இருக்கும்போது, "இனிமேல் இதெல்லாம் எதுக்கு சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதங்கள் என்னோடு பேசவும் இல்லை.

பிறகு ஒரு மாதக் கடைசியில் மெஷின் கொடுத்த கூட்டுத்தொகைக்கும், கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜருக்கும் இடித்தது. இரண்டு நாள் தேடினேன். வேறு வழியில்லாமல் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வாங்கிப் பார்த்தார். "ஒன்பதால் வகுத்துப் பார்" என்றார். இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். (உங்கள் 360-ஐ வகுத்தால் 40.) வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடு, பற்றில் போட வேண்டியது வரவில் போயிருக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் அந்தப் பெண் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் அவமானப்படுத்த நினைத்திருக்க மாட்டாள், வரிசை நகர வேண்டும் என்று நினைத்திருப்பாள். எந்த வேகம் எங்கே கூடாது என்று பக்கத்திலிருந்து சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

ஏன் இல்லை? உங்கள் கிளையில் 45, 50 வயதுக்காரர் யாராவது இருக்கிறார்களா? இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 2000-2001 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களும் அதே 2001-ல் கலைக்கப்பட்டன. அதற்கு முன்னும் பின்னும் சில வருடங்கள் ஆள் எடுப்பது மிகக் குறைவு. 2011-ல் பல வங்கிகளுக்கும் சேர்த்து ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் பொதுத்தேர்வு வந்த பிறகுதான் இளைஞர்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அப்பாவும் மகளும் இருக்கும் வீட்டில் அண்ணனும் சித்தப்பாவும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்ல நடுவில் ஆள் இல்லை. இப்போது அந்த இடத்தில் இருப்பது நீங்கள்தான்.

இளையவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹெட் கேஷியர் 1990 வாக்கில் சேர்ந்திருப்பார். கையால் எழுதிய லெட்ஜர், கிளைக்குள் மட்டும் ஓடிய கணினி, பிறகு எல்லாக் கிளைகளையும் இணைத்த கோர் பேங்கிங், இப்போது செல்போன் செயலி என்று செய்த வேலையையே நாலு முறை புதிதாகக் கற்றவர் அவர். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8-க்குப் பிந்தைய வாரங்களில் கேஷ் கவுன்ட்டர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நீங்களே ஒருநாள் சொல்லுங்கள்.

அவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு அவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் கிடையாது, சந்தையோடு ஏறி இறங்கும் புதிய திட்டம்தான். நீங்களும் அதில்தான் இருக்கிறீர்கள். ஒரே கவுன்ட்டரில் ஒரே வேலை பார்த்துவிட்டு வேறுவேறு முதுமைக்குப் போகப் போகிறார்கள். இதை அவர் உண்டாக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மனசில் அது இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

இதெல்லாம் பேச்சு. பேச்சால் மட்டும் இது சரியாகாது. இருவருக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும், ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். உங்கள் கிளையில் அப்படி ஒன்று தயாராக இருக்கிறது. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்குகள் செயல்படாத கணக்குகளாகின்றன. பத்து வருடம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கி 2014-ல் தொடங்கிய நிதிக்குப் போய்விடுகிறது. போன பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம், ஆனால் கணக்கு இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

அந்தக் கணக்குகளின் பட்டியலை அந்தப் பெண் எடுக்கட்டும். அவளுக்கு அது சில நிமிட வேலை. ஆனால் அதில் உள்ள பெயர்கள் அவளுக்கு வெறும் பெயர்கள். ஹெட் கேஷியர் பார்த்தால், இந்த அம்மா இறந்துவிட்டார், மகன் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறான், இவர் மகளோடு திருப்பூர் போய்விட்டார் என்று வரிசையாகச் சொல்வார். அது எந்த மென்பொருளிலும் இல்லை. இரண்டு வருடத்தில் அவரோடு வெளியே போய்விடும். வாரத்தில் ஒரு நாள், கேஷ் முடிந்த பிறகு அரை மணி நேரம், இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். பட்டியல் கிளையை விட்டு வெளியே போகக்கூடாது, அது வாடிக்கையாளர் ரகசியம். ஆனால் ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தால் இருவருமே போகட்டும். வாரிசுச் சான்றிதழ், கிளெய்ம் படிவம் எல்லாவற்றையும் அவர் சொல்ல அவள் செய்யட்டும். பணம் வாங்க வரும் குடும்பம் இருவருக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்லும்.

கணினிப் பாடமும் நடக்கட்டும், ஆனால் மவுஸ் அவர் கையிலேயே இருக்க வேண்டும். சொல்பவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இதைக் கிளையின் விதியாகவே வைத்துவிடுங்கள். நேரமாகும், ஆகட்டும். காலை நெரிசலில் வேண்டாம், மூன்றரை மணிக்கு மேல் வையுங்கள்.

உங்களிடம் கேட்க மறந்துவிட்டேன். தவறான பதிவைத் திருத்தியிருப்பீர்கள். அந்தப் பெண் போட்ட 360 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கொடுக்கவில்லை என்றால் நாளைக் காலை முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஹெட் கேஷியர் கையாலேயே எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள்.